கண்ணம்மாவும் மரபணுச் சோதனையும்

"ஒரு டொக்டருக்கு இதுகூடவா தெரியாது?" தமிழ்நாட்டின் விஜய் தொலைக்காட்சி 2019 பெப்ரவரி முதல் 2023 பெப்ரவரி வரை ஒளிபரப்பிய 'பாரதி கண்ணம்மா' என்னும் தொடர்நாடகத்தைப் பார்த்தோர் ஓயாது எழுப்பிய வினா இது. கல்கிசை, தெகிவளை, வெள்ளவத்தை எனக் காலி வீதியை ஒட்டி நீளும் தொடர்மாடி வீடுகளிலும், வடக்கே கொட்டாஞ்சேனையிலும் இவ்வினா எழாத மாலைகள் குறைவு. செய்மதித் தொலைக்காட்சி உள்ள வீட்டில் அது கூடத்தில் எழுந்தது. இல்லாத வீட்டில் கைத்தொலைபேசியின் சிறு திரைக்கு முன்னால் எழுந்தது. ரொறன்ரோவிலும் இலண்டனிலும் உள்ள உறவினரோடு பேசும்போதும் சுகம் விசாரித்த அடுத்த கணம் அதுவே வந்தது. ஒரு நாடகத்தைப் பற்றி இத்தனை பேர் இத்தனை காலம் ஒரே வினாவைக் கேட்டிருப்பாராயின், நாடகத்தை ஆராய்வதோடு நின்றுவிடாமல் அவ்வினாவையும் ஆராய்வது விமர்சனத்தின் கடமையாகின்றது.

தமிழில் விமர்சனம் பெரும்பாலும் ஆக்கியோனை நோக்கியே நடந்துவந்துள்ளது. சுவைப்போன் என்ன செய்தான் என்பது அரிதாகவே கவனிக்கப்பட்டது. சினிமாக் கொட்டகையே தமிழர் அனைவரையும் சாதி வேறுபாடு கடந்து ஒரே கூரையின் கீழ் அமர்த்திய முதற் கலையரங்கு என்று பேராசிரியர் கா. சிவத்தம்பி எடுத்துக்காட்டியபோது பார்வை சற்றே பார்வையாளர் பக்கம் திரும்பியது. ஆயின் அவ்வழியிற் சென்றோர் சிலரே. மேனாட்டில் இயன் ஆங் என்னும் ஆய்வாளர் 'டலஸ்' என்ற அமெரிக்கத் தொடரைப் பற்றி நெதர்லாந்துப் பெண்கள் சஞ்சிகையொன்றில் விளம்பரம் செய்து, வந்த 42 கடிதங்களைக் கொண்டு 1982 இல் ஒரு நூலே எழுதினார். கதை நம்பத்தகாதது என்பதை நன்கு அறிந்துகொண்டே அதன் உணர்ச்சியை உண்மையென்று கொள்ளும் இயல்பு பார்வையாளரிடம் உண்டு என்பது அவர் கண்ட முடிவுகளுள் ஒன்று. கொழும்புப் பார்வையாளருக்கும் அது பொருந்துகிறது. எனினும் இங்கே அதனினும் ஒரு படி கூடுதலான சங்கதி நிகழ்ந்துள்ளது.

கதை பலருக்குத் தெரிந்ததே. தெரியாதோருக்காகச் சுருக்கமாகக் கூறலாம். பாரதி ஒரு மருத்துவன். கண்ணம்மா கறுப்பு நிறத்தவள். நிறத்தின் பொருட்டே மாமியார் சௌந்தர்யாவால் முதலில் வெறுக்கப்பட்டவள். (மலையாளத்தில் வெளிவந்த மூலத் தொடரின் பெயரே 'கறுத்தமுத்து' என்பதாகும்.) இருவரும் விரும்பி மணக்கின்றனர். பாரதியை அடைய நினைத்த வெண்பா என்னும் தோழி, தானும் ஒரு மருத்துவர், அவனுக்குத் தந்தையாகும் தகுதி இல்லையென்று பொய்யாக நம்பவைத்துள்ளாள். கண்ணம்மா கருவுற்றதும் பாரதிக்குச் சந்தேகம் பிறக்கின்றது. வயிற்றுப் பிள்ளையோடு அவள் வீட்டை விட்டு வெளியேறுகிறாள். பிறந்தவை இரட்டைப் பெண் குழந்தைகள். ஒன்று, லட்சுமி, தாயிடம் வளர்கிறது. மற்றையது தாய் அறியாமலே சௌந்தர்யாவினால் எடுத்துச் செல்லப்பட்டு, ஹேமா என்ற பெயரில் பாரதியின் வளர்ப்பு மகளாக வளர்கிறது. ஆயிரத்துக்கு மேற்பட்ட பகுதிகளாக நாடகம் நகர்ந்தது. 2022 ஆம் ஆண்டின் பிற்பகுதியிலேதான் பாரதிக்கு மரபணுச் சோதனை செய்துபார்க்கும் எண்ணம் உதித்தது.

பார்வையாளரின் பொறுமையின்மைக்கு இங்கேதான் காரணம் உண்டு. பிள்ளை தன் மரபணுக்களில் பாதியைத் தாயிடமிருந்தும் பாதியைத் தந்தையிடமிருந்தும் பெறுகிறது என்பது பாடசாலை உயிரியற் பாடம். கன்னத்தின் உட்புறத்தைப் பஞ்சினால் ஒற்றி எடுத்தாலே போதும். நாட்களிலோ சில வாரங்களிலோ பெறுபேறு வந்துவிடும். ஒருவனுக்குப் பிள்ளைப்பேறு இல்லையெனக் கூறும் அறிக்கையையும் ஒரு தடவையோடு ஏற்றுக்கொள்வது மருத்துவ வழக்கமன்று. பரிசோதனையை மீளச் செய்துபார்ப்பர். உயர்தரத்தில் உயிரியல் படிக்கும் பிள்ளைகள் உள்ள வீடுகளில் இவையெல்லாம் விரிவாகவே எடுத்துரைக்கப்பட்டன. இதில் ஒரு வேடிக்கையும் உண்டு. அமெரிக்காவில் 1969 இல் தொடங்கிய 'மார்க்கஸ் வெல்பி' என்னும் மருத்துவத் தொடரின் முதல் ஐந்தாண்டுகளில் அந்தக் கற்பனை மருத்துவருக்கு இரண்டரை இலட்சத்துக்கு மேற்பட்ட கடிதங்கள் வந்தனவாம். பெரும்பாலானவை மருத்துவ ஆலோசனை கேட்டு எழுதப்பட்டவை. வெல்பியிடம் மக்கள் மருத்துவம் கேட்டனர். பாரதிக்கோ மக்களே மருத்துவம் சொல்லிக் கொடுத்தனர்.

இந்த மாற்றம் நகைப்புக்கு மட்டும் உரியதன்று. வைத்தியசாலையைக் களமாகக் கொண்ட தமிழ்க் கதைகளில் மருத்துவன் ஒருகாலத்தில் ஏறக்குறைய தெய்வத்தின் இடத்தில் இருந்தான். ஸ்ரீதரின் 'நெஞ்சில் ஓர் ஆலயம்' 1962 இல் வெளிவந்தது. கதையின் பெரும்பகுதி ஒரே வைத்தியசாலைக்குள் நிகழ்கின்றது. டொக்டர் முரளியாகக் கல்யாண்குமாரும், அவர் முன்பு காதலித்த சீதாவாகத் தேவிகாவும், சீதாவின் கணவன் வேணுவாக முத்துராமனும் நடித்தனர். வேணுவைப் பற்றியிருப்பது புற்றுநோய். அதற்குச் சத்திரசிகிச்சை செய்யவேண்டியவரோ மனைவியின் பழைய காதலர். பழைய காதல் அவர் கையைத் தளரச் செய்யுமோ என்ற ஐயம் சீதாவுக்கே எழுகிறது. தான் இறந்தால் முரளியை மணந்துகொள் என்று கணவனே மனைவியிடம் கூறுகிறான். தர்மசங்கடம் என்று சொல்லத்தக்கது இதுவே. ஏனெனில் இதில் எவரும் தீயவரல்லர், எவரும் மூடருமல்லர். முரளி நோயாளியைப் பிழைக்கவைத்துத் தான் இறந்துபோகிறார். அவருடைய மரணம் கதாசிரியர் கண்ட இலகுவான வழி என்று குறைகூற இடமுண்டு. ஒருவரைக் கொன்று மற்றிருவரின் ஒழுக்கத்தைக் காப்பாற்றுவது நம் சினிமாவின் பழைய கைப்பழக்கம். ஆயினும் சந்தேகம் யார்மேல் விழுந்தது என்பதே இங்கு நோக்கத்தக்கது. 1962 இல் சந்தேகிக்கப்பட்டவன் மருத்துவன். தன் தொழிலைச் செய்து அவன் அதைத் துடைத்தான். 2019 இல் மருத்துவன் சந்தேகிக்கிறான். மனைவி அதைத் துடைக்கவேண்டும். இடையில் மருத்துவத் தொழிலே கதையிலிருந்து கழன்றுபோய்விட்டது. பாரதியின் வைத்தியசாலையில் வெள்ளைமேலங்கி உண்டு, நீண்ட நடைபாதை உண்டு. கதைக்குத் தேவைப்பட்டாலொழிய நோயாளி இல்லை.

இக்கூற்று மிகையென்று தோன்றினால், அதே கல்கிசை வீடுகளிற் பலர் பார்த்த இன்னொரு மருத்துவத் தொடரை ஒப்பிடலாம். கொரிய நாட்டின் 'டே ஜங் கம்' 2012 இல் சிங்களக் குரலில் 'சுஜாத தியணி' என்ற பெயரோடு ரூபவாகினியில் வந்தபோது, சிங்களம் விளங்கிய தமிழ்க் குடும்பங்களும் அதற்காகக் காத்திருந்தன. அரண்மனைச் சமையலறையிலிருந்து அரசனின் மருத்துவராக உயரும் அப்பெண், நாடி பார்க்கக் கற்பதையும் மூலிகையை நாவினால் இனங்காண்பதையும் பிழைவிட்டுத் திருந்துவதையும் நாடகம் பொறுமையாகக் காட்டியது. மறுநாட் காலையில் பேச்சு மருந்தைப் பற்றியும் உணவைப் பற்றியுமாக இருந்தது. பார்வையாளருக்கு எதைக் கொடுக்கின்றோமோ அதைப் பற்றியே அவர் பேசுவார். 'பாரதி கண்ணம்மா' ஓர் அறிக்கையை மட்டும் கொடுத்தது. எனவே பேச்சும் அறிக்கையைச் சுற்றியே சுழன்றது.

அந்த அறிக்கையைக் குறித்தும் சொல்லத்தக்கது ஒன்றுண்டு. ஒரு மருத்துவர் நோயாளியின் பெறுபேற்றைப் பொய்யாக்குவது தொழிலொழுக்கத்தின் அடிவேரையே அறுக்கும் குற்றம். இலங்கை மருத்துவச் சபையின் பதிவேட்டில் பெயர் நிலைக்குமா என்று கேட்கவேண்டிய செயல். பார்வையாளர் வெண்பாவை மனமாரத் திட்டினர். ஆயின் 'வில்லி' என்றே திட்டினர், மருத்துவர் என்ற நிலையில் வைத்துத் திட்டியோர் மிக அரிது. காதற்போட்டியில் ஒரு பெண் செய்த சூழ்ச்சியாகவே அது கொள்ளப்பட்டது. தொழிலறிவு போதாதென்று ஆணைச் சாடிய அதே பார்வையாளருக்கு, தொழிலைக் கறைப்படுத்திய பெண்ணிடம் தொழில் ஒன்று இருந்ததே கண்ணிற்படவில்லை. நாடகத்தின் தவறு இது எனத் தள்ளிவிட இயலாது. பெண்ணின் செயலுக்கு எப்போதும் காதலையே காரணமாகத் தேடும் பழக்கம் நாடகத்துக்கு முன்பே கூடத்தில் அமர்ந்திருந்தது.

2020 மார்ச் 20 ஆம் திகதி தொடங்கிய ஊரடங்கு நாட்களைத் தொடர்ந்து இந்த நாடகத்தின் வரவேற்பு வேறொரு வடிவம் எடுத்தது. கண்ணம்மா பையைத் தூக்கிக்கொண்டு, முகத்தில் ஆத்திரத்தோடு தெருத்தெருவாக நடக்கும் காட்சி பல பகுதிகளாக நீண்டது. தமிழுலகம் முழுவதும் அது கேலிச்சித்திரமாயிற்று. அவள் பாலைவனத்தைக் கடந்தாள், கடலைக் கடந்தாள், பூமியையே சுற்றி வந்தாள். சிரிக்கத்தக்கதுதான், நடையை இழுத்தவர்கள் கதையை இழுத்தவர்களே. ஆயின் அச்சிரிப்பினுள் கவனியாது விடப்பட்டது ஒன்று. நாடகம் முழுவதிலும் கண்ணம்மா செய்த மிகத் தெளிவான ஒழுக்கத் தீர்மானம் அந்த நடைதான். தன்னை நம்பாத வீட்டில் அவள் இருக்க மறுத்தாள். மன்றாடாமலும் சத்தியம் செய்யாமலும் வெளியேறினாள். நாடகத்தில் உண்மையாக நின்ற ஒரேயொரு செயலைப் பார்வையாளர் நகைப்பாக்கி, பொய்யாக நின்ற சோதனையைப் பெருவினாவாக்கினர்.

'சோதனையை எடு' என்ற கூக்குரல் மேலோட்டத்தில் பகுத்தறிவின் குரல். கண்ணம்மாவின் பக்கம் நின்று, மூடத்தனமான கணவனைக் கண்டிக்கும் குரல். அதை எழுப்பியோரிற் பெரும்பாலார் நல்லெண்ணத்தோடே எழுப்பினர். எனினும் அதனுள் ஒளிந்திருக்கும் ஒப்புதலைப் பார்க்கவேண்டும். சோதனையை எடு என்பவர், எடுக்கவேண்டிய அளவுக்கு ஒரு வழக்கு இருக்கிறது என்று ஒப்புக்கொள்கிறார். மனைவியின் சொல் சான்றாகாது என்ற பாரதியின் முதற்படியை ஏற்றுக்கொண்டு, இரண்டாம் படியில் அவனோடு சண்டை பிடிக்கிறார். அக்கினிக்குப் பதிலாக ஆய்வுகூடம் வந்ததேயன்றிப் பரீட்சை அகலவில்லை. புதுமைப்பித்தன் 1943 இல் எழுதிய 'சாப விமோசனம்' இவ்விடத்தில் நினைவுக்கு வராமற் போகாது. சீதையிடம் இராமன் அக்கினிப் பரீட்சை கேட்டான் என்று கேள்வியுற்ற அகலிகை மீண்டும் கல்லாகிவிடுகிறாள். சீதை அப்பரீட்சையில் தேறிவிட்டாள் என்பது அகலிகைக்கு ஆறுதலாகவில்லை. தேறியதா தோற்றதா என்பதல்ல, கேட்டதே அவளைக் கல்லாக்கிற்று.

இந்த நோக்கு புத்தகம் படித்தோருக்கே உரியதன்று. கல்கிசையில் ஒரு வீட்டில், பேரப்பிள்ளைகள் சோதனையைப் பற்றி உரத்து வாதிட்டுக்கொண்டிருந்த மாலையில், யாழ்ப்பாணத்திலிருந்து வந்து தங்கியிருந்த மூதாட்டி ஒருவர் கூறியது அயல்வீடுகளிலும் பின்னர் திரும்பத் திரும்பச் சொல்லப்பட்டது: "நம்பிக்கை இல்லையெண்டால் அது அவன்ரை வருத்தம். அவன்ரை வருத்தத்துக்கு இவள் ஏன் மருந்து குடிக்கவேணும்?" வருத்தம் என்ற சொல்லுக்கு ஈழத்து வழக்கில் நோய் என்றும் பொருள். மருத்துவத் தொடரைப் பற்றி எழுந்த கூற்றுகளில் மருத்துவமாகவே அமைந்த கூற்று இது ஒன்றுதான். நோயாளி யார் என்பதை அவர் சரியாக இனங்கண்டிருந்தார்.

அத்தகைய குரல் கொழும்பின் இத்தென்பகுதியிலிருந்து எழுந்ததற்குச் சமூகக் காரணமும் உண்டு. மரபணுச் சோதனை தமிழ்நாட்டுப் பார்வையாளர் பலருக்கு நாடகத்திலும் சினிமாவிலும் கேட்ட சொல்லாக இருக்கலாம். வெள்ளவத்தைக்கு அது விசா விண்ணப்பத்தோடு வந்த சொல். இந்தச் சோதனை உலகில் முதன்முதலாகப் பயன்பட்ட வழக்கே குடிவரவு வழக்குத்தான். 1985 இல் கானாவைச் சேர்ந்த ஒரு சிறுவன் பிரித்தானியாவில் வாழ்ந்த தன் தாய்க்குப் பிறந்தவனே என்பதை அலெக் ஜெஃப்ரீஸ் தம் புதிய முறையால் நிறுவினார். கனடா முதலிய நாடுகள், உறவை நிறுவும் பத்திரங்கள் போதாதவிடத்து மரபணுச் சோதனையை ஏற்கின்றன. இடப்பெயர்வின்போது வீட்டோடு பிறப்புச் சான்றிதழும் எரிந்துபோன குடும்பங்கள், முதலில் போன கணவனிடம் மனைவியும் பிள்ளைகளும் போய்ச்சேர்வதற்காக வெள்ளவத்தையில் அறை எடுத்து ஆண்டுக்கணக்கிற் காத்திருந்ததை இப்பகுதி அறியும். பெற்ற பிள்ளையைப் பெற்றவள்தான் என்று தாயொருத்தி அந்நிய அதிகாரிக்கு நிரூபிப்பது என்னவென்பது இங்கே கதையன்று. அந்தச் சோதனை குடும்பத்தைச் சேர்த்துவைத்ததும் உண்மை. அதை நன்றியோடு பேசுவோரும் உளர். ஆயின் அதிகாரிக்குச் சான்று கொடுப்பது வேறு, கணவனுக்குக் கொடுப்பது வேறு. அதிகாரி அவளை அறியமாட்டான். அறியாதவனுக்குச் சான்று தேவை. கணவன் அறிந்தவன் என்பதாலேயே அவன் கேட்பது தாங்கவொண்ணாததாகின்றது. கணவன் ஒரு நாட்டிலும் மனைவி ஒரு நாட்டிலுமாகப் பத்தாண்டு கழித்த சமூகத்தில், தூரத்திலிருந்து கிளம்பும் சந்தேகம் எத்தனை வீடுகளைக் குலைத்திருக்கும் என்பதைச் சொல்லவேண்டியதில்லை. சில வீடுகளில் இந்நாடகம் ஓடும்போது பேச்சே எழாமல் இருந்ததற்கும் அதுவே காரணமாகலாம்.

சட்டம் இவ்விடயத்தில் என்ன கூறுகிறது என்பதும் அறியத்தக்கது. இலங்கையின் 1895 ஆம் ஆண்டுச் சான்றுக் கட்டளைச் சட்டத்தின் 112 ஆம் பிரிவின்படி, செல்லுபடியான திருமணம் நிலைத்திருக்கையிலோ, அது கலைந்து தாய் மறுமணம் செய்யாதிருக்க 280 நாட்களுக்குள்ளோ பிறந்த பிள்ளை அக்கணவனின் பிள்ளையே என்பது முடிவான சான்றாகும். கணவன் அவளை அணுக வாய்ப்பே இருக்கவில்லை என்றோ, அவன் ஆண்மையற்றவன் என்றோ காட்டினாலன்றி அதை அசைக்க இயலாது. பாரதி நம்பிய அறிக்கை கூறியதோ பிள்ளைப்பேறு இன்மையை. சட்டம் பேசும் ஆண்மையின்மை அதுவன்று. கணவனும் மனைவியும் ஒரே வீட்டில் வாழ்ந்தனர். எனவே கண்ணம்மா கல்கிசையில் வாழ்ந்திருப்பாளாயின், எந்தப் பஞ்சும் கன்னத்தைத் தொடாமலே லட்சுமி பாரதியின் மகள். குடியேற்ற ஆட்சிக்காலத்தில், 1872 ஆம் ஆண்டு இந்தியச் சட்டத்தைப் பின்பற்றி வரையப்பட்ட ஒரு பிரிவு, டொக்டர் பாரதியிலும் நாகரிகமானதாக இருப்பது வியப்புத்தான். ஆயின் அச்சட்டம் பெண்ணின் மானத்தைக் கருதி எழுந்ததன்று. பிள்ளை தெருவில் நிற்கக்கூடாது, சொத்துரிமை குழம்பக்கூடாது என்பதே அதன் கரிசனை. எனினும் அது பிள்ளையை நினைத்தது.

பார்வையாளர் பிள்ளையை எவ்வளவு நினைத்தனர்? நாடகத்தின் மிக வலிய முரண் அங்கேதான் கிடக்கிறது. பாரதி ஹேமாவைத் தன் இரத்தமல்ல என்று நம்புகிறான். நம்பிக்கொண்டே அவளை உயிராக வளர்க்கிறான். அவளைத் தூக்கி அணைக்க அவனுக்கு எந்த அறிக்கையும் தேவைப்படவில்லை. லட்சுமியையும் தன் இரத்தமல்ல என்றே நம்புகிறான். அவளை ஏற்க மறுக்கிறான். இருவரும் ஒரே நாளில் ஒரே வயிற்றிற் பிறந்தவர்கள். ஆகவே அவன் சிக்கல் இரத்தத்தைப் பற்றியதே அன்று. வளர்ப்பு மகளின் பின்னால் குற்றஞ்சாட்டத்தக்க பெண் இல்லை. லட்சுமியின் பின்னால் ஒருத்தி இருக்கிறாள். எழுதியவர்கள் இதை முழுதும் உணர்ந்து அமைத்தார்களா என்பது ஐயத்துக்குரியது. உணர்ந்திருந்தால் சோதனையையே தேவையற்றதாக்கும் ஒரு காட்சியை எழுதியிருப்பார்கள்: ஹேமாவை அணைக்கும் கையினாலேயே லட்சுமியையும் அணைக்கும் ஒருவனை. அக்காட்சி கதையின் வாசலில் ஆண்டுக்கணக்கிற் காத்துநின்றது. உள்ளே அழைப்பாரில்லை.

அழைக்காததற்கு வியாபாரக் காரணம் வெளிப்படையானது. வாரநாட்களெல்லாம் ஓடவேண்டிய தொடர், தன் முடிச்சை அவிழ்த்த அன்று முடிந்துபோகும். இதைப் பார்வையாளர் அறியாதவரல்லர். "சோதனை எடுத்தால் நாடகம் முடிஞ்சிடும், அதுதான் எடுக்கிறானில்லை" என்று சிறுபிள்ளைகளும் சொல்லின. அறிந்தும் பார்த்தார்கள், 2021 இல் கண்ணம்மாவாக நடித்த ரோஷினி விலகி வினுஷா தேவி வந்தபோது இரண்டு வாரம் முணுமுணுத்துவிட்டுத் தொடர்ந்தார்கள், 2022 மார்ச் இறுதியில் நாளொன்றுக்குப் பதின்மூன்று மணிநேரம் வரை மின்சாரம் நின்றபோதும், மின்சாரம் வந்த வேளையில் விட்ட பகுதியைத் தேடிப் பார்த்தார்கள். முகம் மாறியும் கண்ணம்மா கண்ணம்மாவாகவே நின்றாள் என்பதிலிருந்து, அவர்கள் பின்தொடர்ந்தது ஒரு நடிகையை அல்ல, ஒரு நிலைமையை என்று கொள்ளலாம். நியாயம் கிடைக்கவேண்டிய நிலையில் ஒருத்தி நிற்கிறாள். அது கிடைக்கும்வரை எழுந்துபோக மனமில்லை. இந்த மனத்தை முட்டாள்தனம் என்று ஒதுக்கும் கற்றோரின் வழக்கம் அவசரமானது. அந்த மனத்தை நான்கு ஆண்டு வட்டிக்கு விட்டவர்களைக் கண்டிப்பதே பொருந்தும்.

இறுதியிற் சோதனை எடுக்கப்பட்டது, உண்மை வெளிவந்தது, பாரதி மன்னிப்புக் கேட்டு அலைந்தான், 2023 பெப்ரவரி தொடக்கத்தில் இருவருக்கும் மீண்டும் மணம் நிகழ நாடகம் முடிந்தது. சிலப்பதிகாரத்தில் தீர்ப்புப் பிழைத்ததைக் கண்ட பாண்டியன் உயிர் துறந்தான். டொக்டர் பாரதி மாலை சூடினார். பழைய காவியத்தின் கடுமையை இன்றைய தொடரிடம் எதிர்பார்ப்பது மிகை என்பர். கடுமை வேண்டியதில்லை, அவள் மன்னிக்கத்தான் வேண்டுமா என்ற வினாவை நாடகம் ஒரு வாரமேனும் நேர்மையாகத் தாங்கியிருக்கலாம். நம்பிக்கையினால் அல்ல, பெறுபேற்றினால் திரும்பி வந்த ஒருவனை ஏற்பதா என்பதே கதை முழுவதிலும் கண்ணம்மாவுக்கு வாய்த்த உண்மையான தர்மசங்கடம். ஆயிரம் பகுதிகளுக்கு மேல் காத்திருந்து, அங்கே வந்து சேர்ந்ததும் நாடகம் நாதஸ்வரத்தை வாசிக்கச் செய்துவிட்டது. 'சோதனையை எடு' என்று கேட்டோருக்குக் கேட்டது கிடைத்தது. கிடைத்தபின் அவர்களிற் பலர் ஏனோ மகிழவில்லை. மணக்காட்சி ஓடிய இரவில் தொடர்மாடி வீடுகளில் எழுந்த பேச்சு, "இவ்வளவுதானா?" என்பதாகவே இருந்தது.

நாடகம் முடிந்து மூன்று வாரமும் ஆகாத நிலையில், 2023 பெப்ரவரி 20 ஆம் திகதி, இந்திய உச்ச நீதிமன்றம் வேறொரு வழக்கிலே தீர்ப்பொன்று கூறியது. மனைவியின் ஒழுக்கத்தைக் கணவன் ஐயுறும் வழக்குகளில், பிள்ளையின் மரபணுச் சோதனைக்கு எடுத்த எடுப்பில் ஆணையிடலாகாது. தன்னைப் பற்றிய அந்தரங்கத்தைக் காத்துக்கொள்ளும் உரிமை பிள்ளைக்கும் உண்டு. பெற்றோரின் பிணக்கிற் பிள்ளையை ஆயுதமாக்கக்கூடாது என்பது அதன் சாரம். நாடகத்துக்கும் தீர்ப்புக்கும் தொடர்பில்லை. காலம் மட்டும் அருகருகே விழுந்தது. நான்கு ஆண்டுகள் கூடங்களில் நடந்த வாதத்தில் கணவன் பேசப்பட்டான், மனைவி பேசப்பட்டாள், மாமியாரும் வில்லியும் பேசப்பட்டனர். பஞ்சு ஒற்றப்படுவது யாருடைய கன்னத்தில் என்பதை நீதிமன்றம் நினைத்தது.

கூடங்களில் அதை நினைத்தோரும் இல்லாமலில்லை. அவர்கள் வயதிற் சிறியோர். சோதனைப் பகுதி ஒளிபரப்பான இரவு, பெரியவர்கள் வெற்றிக் களிப்பில் இருந்த வெள்ளவத்தை வீடொன்றில், லட்சுமியின் வயதையொத்த சிறுமியொருத்தி கேட்டாள்: "இல்லையெண்டு வந்திருந்தால் லட்சுமியை என்ன செய்திருப்பார்?" அது கதைதானே, அப்படி வராது என்று அவளுக்குக் கூறப்பட்டது. அவள் ஒப்புக்கொள்ளவில்லை, மறுநாளும் கேட்டாள்.